எரிபொருள் விலையும் எங்கள் பயணப் பழக்கமும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

2022 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் திகதி, இலங்கையில் 92 ஒக்ரேன் பெற்றோலின் விலை லீற்றருக்கு 470 ரூபாவானது. ஆறு மாதங்களுக்கு முன்னர், 2021 டிசெம்பர் பிற்பகுதியில், பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அதே லீற்றரை 177 ரூபாவுக்கு விற்றது. இடையில் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420 என்று படிப்படியாக ஏறியது. டீசலின் ஏற்றம் இதைவிடக் கடுமையானது. 121 ரூபாவாக இருந்தது 460 ரூபாவில் போய் நின்றது.

எரிபொருள் விலையேற்றச் செய்தியைப் போல எழுதுவதற்கு இலகுவான செய்தி வேறில்லை. பழைய விலை, புதிய விலை, நள்ளிரவு முதல் அமுல், அமைச்சரின் விளக்கம், எதிர்க்கட்சியின் கண்டனம், வரிசையில் நிற்கும் ஒருவரின் புகைப்படம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தி மேசைகளில் இருந்தவன் என்ற வகையில் இந்த வாய்பாட்டை நானும் எத்தனையோ தடவைகள் நிரப்பியிருக்கிறேன். வரிசையில் நிற்பவர் எப்படி அந்த வரிசைக்கு வந்து சேர்ந்தார், அவருடைய தந்தையும் பாட்டனும் இதே வேலைக்கு எப்படிப் போய் வந்தார்கள் என்ற கேள்விக்கு அந்தச் செய்தியில் இடம் இருப்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. யாழ்ப்பாண நகரிலிருந்து 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரு பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் சென்று வரும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 50 கிலோமீற்றர். மாதத்தில் 22 நாட்கள். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டியென்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 24 லீற்றர் பெற்றோல் வேண்டும். 2021 முடிவில் இதற்கு 4,300 ரூபா அளவில் போதுமாக இருந்தது. 2022 ஜூன் இறுதியில் அதுவே 11,000 ரூபாவைத் தாண்டியது. ஆகஸ்ட் மாதத்தில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கியூஆர் அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் மட்டுமே ஒதுக்கப்பட்டது. அதாவது 180 கிலோமீற்றர். எமது ஆசிரியருக்கு வாரத்துக்கு 250 கிலோமீற்றர் தேவை. பணம் இருந்தாலும் வெள்ளிக்கிழமை பாடசாலைக்குப் போக வண்டி ஓடாது.

அதே பாடசாலையின் வாசலில் குடியிருக்கும் ஆசிரியருக்கு இந்த விலையேற்றம் அரிசியின் வழியாகவும் மரக்கறியின் வழியாகவும் வந்திருக்கும். நேரடியாக வந்திராது. ஒரே சம்பளம், ஒரே தொழில், ஆனால் எண்ணெய்ச் சந்தையின் அடி இருவர் மீதும் ஒரே அளவில் விழவில்லை. இந்த வேறுபாட்டை உருவாக்குவது வருமானம் மட்டுமன்று. எங்கே வசிக்கிறோம், எதில் போகிறோம், எவ்வளவு தூரம் போகிறோம் என்ற பழக்கங்கள்தாம். இந்தப் பழக்கங்கள் ஓரிரவில் உருவாகியவையும் அல்ல.

இலங்கையில் புகையிரதம் போடப்பட்டது அலுவலகம் செல்பவருக்காக அன்று. 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கும், 1867 இல் கண்டிக்கும் தண்டவாளம் சென்றது கோப்பியை இறக்குவதற்கு. அந்த வண்டிகள் இறக்குமதி செய்யப்பட்ட நிலக்கரியில் ஓடின. எனவே வெளிநாட்டு எரிபொருளில் தங்கியிருப்பது எங்களுக்குப் புதிய நோய் என்று சொல்ல முடியாது. ஆயினும் கொழும்பு நகருக்குள் நிலைமை வேறாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமைக்கப்பட்ட ட்ராம் வண்டிகள் மின்சாரத்தில் ஓடின. கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் தொழிலாளரும் எழுதுவினைஞரும் அவற்றிலேயே பயணித்தனர். 1929 இல் ஏ. ஈ. குணசிங்க நடத்திய ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் தனி அத்தியாயம். 1953 முதல் மின்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ்களும் வந்தன. ட்ராம் 1960 இலும் ட்ரொலி பஸ் 1964 இலும் நிறுத்தப்பட்டன.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். உலகச் சந்தையில் மசகு எண்ணெய் பீப்பாய் ஒன்று இரண்டு டொலருக்கும் குறைவாக விற்ற காலம் அது. லக்சபானவில் நீர்மின் நிலையம் 1950 இலேயே இயங்கத் தொடங்கியிருந்தது. சொந்த மழையில் பிறக்கும் மின்சாரம் கைவசம் வந்துகொண்டிருந்த வேளையில், மின்சாரத்தில் ஓடிய வாகனங்களைக் கைவிட்டு டீசலுக்கு மாறினோம். அன்றைய நிலையில் எவரும் இதைப் பெரிய தவறாகக் கருதவில்லை. டீசல் பஸ் மலிவானது, கம்பி தேவையில்லை, எந்தத் தெருவுக்கும் போகும். இதே போக்கில்தான் உலகின் பல நகரங்கள் ட்ராம் தண்டவாளங்களைப் பிடுங்கின. புகையிரதமும் அதே காலத்தில் நிலக்கரியிலிருந்து டீசலுக்கு மாறியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சுமந்தபடி எங்கள் தண்டவாளங்களில் ஓடின. கொழும்பின் புறநகர் ரயில் பாதைகளை மின்மயப்படுத்துவது பற்றி அதன் பின் பல தசாப்தங்களாகப் பேசப்பட்டது. பேச்சு மட்டுமே மிஞ்சியது.

பயணக் கட்டணம் இலங்கையில் அரசியல் வெடிமருந்து. 1953 ஆம் ஆண்டு ஹர்த்தாலைப் பற்றிப் பேசும்போது பலரும் அரிசியைத்தான் நினைவுகூருவர். ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது உண்மை. ஆனால் அதே வேளையில் ரயில் கட்டணமும் அஞ்சல் கட்டணமும் உயர்த்தப்பட்டன என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு ஸ்தம்பித்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். அதற்குப் பின் வந்த எந்த ஆட்சியாளரும் பயணச் சீட்டில் கைவைப்பதற்கு முன் இருமுறை யோசித்தனர்.

1958 ஜனவரி முதலாம் திகதி, எழுபதுக்கும் மேற்பட்ட தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமானது. அடுத்து எண்ணெய். 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறியது. ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ கம்பனிகளின் சொத்துகள் கையகப்படுத்தப்பட்டன. நட்டஈடு தாமதமாவதைக் காட்டி 1963 இல் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை இடைநிறுத்தியது. 1969 இல் சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. இவ்வாறாக, பஸ்ஸும் அதற்கு ஊற்றும் எண்ணெயும் ஒரே கையில், அரசின் கையில் இருந்தன. எண்ணெய் விலை ஏறினால் இழப்பு திறைசேரியில் விழும். பயணி அதை உடனடியாக உணர மாட்டார். இது நல்ல ஏற்பாடு என்று நான் வாதிடப் போவதில்லை. இலண்டனில் ஓடித் தேய்ந்த இரட்டைத்தட்டு பஸ்களை வாங்கி ஓட்டிய, உதிரிப்பாகம் இல்லாமல் பாதி வண்டிகளை டிப்போவில் நிறுத்தி வைத்த சபையும் அதுதான். ஆனால் விலையின் அடியைத் தாங்கும் ஒரு மெத்தை பயணிக்கும் சந்தைக்கும் நடுவில் இருந்தது.

அதன் பெறுமதி 1973 இல் தெரிந்தது. அந்த ஆண்டின் ஒக்ரோபர் யுத்தத்தைத் தொடர்ந்து சில மாதங்களுக்குள் மசகு எண்ணெயின் விலை நான்கு மடங்கானது. அமெரிக்காவில் பெற்றோல் நிலையங்களின் முன் கார்கள் வரிசை கட்டின. ஒல்லாந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது. இலங்கையிலும் வரிசைகள் இருந்தன. ஆனால் அவை பாணுக்கான வரிசைகள். எண்ணெயின் விலை எங்களிடம் கோதுமை மா, உரம், வெட்டப்பட்ட கூப்பன் அரிசி ஆகியவற்றின் வழியாக வந்து சேர்ந்தது. வீட்டில் வாகனமே இல்லாதவருக்குப் பெற்றோல் விலை வெறும் வானொலிச் செய்தி. கார் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் அவர்களும் பழைய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தனர்.

1977 க்குப் பின் கதவு திறந்தது. 1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. மினி பஸ் என்ற சொல் எங்கள் தமிழில் அப்போது குடியேறியது. போக்குவரத்துச் சபை பிராந்தியச் சபைகளாகவும், 1990 களில் மேலும் சிறு கம்பனிகளாகவும் உடைக்கப்பட்டு, 2005 இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. ஒரு பஸ், ஒரு முதலாளி, நாள் முடிவில் இவ்வளவு தொகை தரவேண்டும் என்ற ஏற்பாட்டில், இலாபம் தராத நேரத்தில் எவரும் பஸ் ஓட்ட மாட்டார்கள். இருட்டிய பின் கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்தான் முதலில் மறைவது. அதை நம்பியிருந்தவர் ஒருநாள் ஓட்டோவில் வருவார், இரண்டு நாள் நண்பரின் பின்னிருக்கையில் வருவார், மூன்றாவது மாதம் தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுப்பார். அவர் எடுத்த பின் அந்தப் பஸ்ஸில் ஓர் ஆள் குறைந்துவிடுகிறது.

இங்கே யாழ்ப்பாணத்தின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து அது முற்றாக வேறுபட்ட பாதையில் சென்றது.

யாழ்ப்பாணக் குடாநாடு சைக்கிளுக்கென்றே இறைவன் தட்டி வைத்த நிலம். மேடில்லை, பள்ளமில்லை. றலி, ஹம்பர் சைக்கிள்கள் சீதனப் பட்டியலில் இடம்பெற்ற காலம் உண்டு. தபாற்காரர், வாத்தியார், கச்சேரி எழுதுவினைஞர், மீன் பெட்டி கட்டிய வியாபாரி எல்லோரும் சைக்கிள்காரர்தான். தூரப் பயணத்துக்கு இ.போ.ச. பஸ்ஸும், கொடிகாமம் பருத்தித்துறை வீதியில் தட்டிவானும், கொழும்புக்கு 1956 முதல் யாழ்தேவியும் இருந்தன. 1980 களில் மோட்டார் சைக்கிள்கள் பெருகத் தொடங்கியிருந்தன.

1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்தேவி வவுனியாவுக்கு வடக்கே வருவது நின்றது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, உரம் என நீண்ட தடைப்பட்டியல் ஒன்று அமுலுக்கு வந்தது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் பங்கீட்டுக்கு வந்தது. கள்ளச் சந்தையில் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்டது. விலை கொழும்பு விலையின் பல மடங்கு. உலகச் சந்தையில் என்ன விலை என்பது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

நான் அப்போது பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவன். திருநெல்வேலி வளாகத்தின் சைக்கிள் கொட்டகையில் இடம் கிடைப்பது பரீட்சையில் சித்தியடைவதிலும் கடினம் என்று நாங்கள் பகிடி விடுவதுண்டு. விரிவுரையாளர்களும் சைக்கிளில்தான் வந்தனர். பின்னர் நாளிதழ் ஒன்றில் சேர்ந்தபோது, அச்சிட்ட பத்திரிகைக் கட்டுகள் விடியுமுன்னரே சைக்கிள் கரியர்களில் வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் போவதைக் கண்டேன். மழைநாளில் பொலித்தீன் சுற்றி, ரயரில் காற்றுப் போனால் தள்ளிக்கொண்டு, ஆனால் போய்ச் சேரும். இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலியில் பிபிசி தமிழோசை கேட்டோம். இன்றைய இளைஞர்கள் இதை நம்புவதில்லை.

மோட்டார் வாகனங்கள் அடியோடு நின்றுவிடவும் இல்லை. எங்கள் கராஜ் மேசன்மார் அவற்றை மண்ணெண்ணெய்க்குப் பழக்கினார்கள். இதன் தொழில்நுட்பம் எளியது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த இயந்திரம் அதில் பற்றாது. சிறு போத்தலிலிருந்து குழாய் வழியாகச் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சேலைன் ஏற்றும் குழாய்கள் இதற்கு வசதியாக இருந்தன. பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் போன்ற கார்களின் இயந்திரங்கள் குறைந்த அமுக்க விகிதம் கொண்டவை. தரம் குறைந்த எரிபொருளையும் அவை முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்டன. புதிய ஜப்பானியக் கார்கள் தட்டத் தொடங்கி நின்றன. எனவே கொழும்பில் பழைய இரும்புக்குப் போகவேண்டிய கார்கள் யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓடின. பின்னால் வெண்புகை. கண் எரியும். அந்த மணத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

இதை வீரகாவியமாகப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் அந்த ஐந்து வருடங்களைப் பற்றி எழுதும்போது அது ஏதோ இயற்கையோடு இயைந்த பொற்காலம் போலத் தொனிக்கிறது. பிரசவ வலியெடுத்த பெண்ணைச் சைக்கிள் பாரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன குடும்பங்களிடம் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கிளாலிக் கடல்நீரேரியைக் கடக்க, கரியரில் மூட்டையும் மனைவியும், பாரில் பிள்ளையுமாக மிதித்துப் போனவர்களில் எத்தனை பேர் அக்கரை சேரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, மழையில், வலிகாமம் முழுவதும் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது ஒவ்வொரு குடும்பத்தின் உடைமையும் ஒரு சைக்கிளில் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவாகச் சுருங்கியது.

ஆனால் ஒரு வரலாற்றுக் கேள்வியை அந்தக் காலம் எழுப்புகிறது. பெற்றோல் ஏறத்தாழ அறவே இல்லாத ஒரு சமூகத்தில் ஐந்து ஆண்டுகள் பாடசாலைகள் நடந்தன, பரீட்சைகள் நடந்தன, சந்தை கூடியது, கந்தோர் திறந்தது. 2022 இல் அதே குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது தடைப்பட்ட சில வாரங்களில் ஏன் எல்லாம் நின்றன? அதே மண், அதே தட்டையான நிலம், பெருமளவில் அதே மக்கள்.

சைக்கிள் இல்லாமற் போனது ஒரு காரணம். 2022 இல் சைக்கிள் கடைகளில் விலை தாறுமாறாக ஏறியது, பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தவர்களுக்கு ரயரும் ரியூப்பும் கிடைக்கவில்லை. ஆயினும் அது முழுக் காரணமன்று. சைக்கிள் வைத்திருந்தவராலும் போக முடியவில்லை. மாறியது தூரம்.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் பொருட்களில் மோட்டார் சைக்கிள் ஒன்று. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டு, 2009 இல் யுத்தம் முடிந்த பின் லீசிங் கம்பனிகள் நகரத்தின் பிரதான வீதியெங்கும் கிளை திறந்தன. சிறு முற்பணம், மாதத் தவணை, அன்றே வண்டி. வீதிகள் காப்பெற் போடப்பட்டன. முன்னர் ஒரு மணித்தியாலம் எடுத்த பயணம் இருபது நிமிடமானது. அதன் விளைவுகள் மெதுவாகப் பரவின. பக்கத்து ஊர்ப் பாடசாலையில் படித்த பிள்ளை நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலைக்கு மாறியது. பின்னேரம் ரியூசன் வேறிடத்தில். சங்கக்கடையும் ஊர்ச் சந்தையும் மெலிந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நியமனம் பெற்றவர்கள் அங்கே குடிபோகாமல் நாள்தோறும் போய்வரத் தொடங்கினர். நகரத்தில் காணி விலை ஏற, வீடு கட்டுபவர் பஸ் போகாத ஒழுங்கைகளுக்கு உள்ளே உள்ளே போனார்.

இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஸ்கூட்டி வண்டி வந்த பின்னர்தான் எங்கள் பெண்கள் எவரின் துணையுமின்றி வேலைக்கும் வகுப்புக்கும் போனார்கள். நெரிசலான பஸ்ஸில் பெண்கள் என்ன அனுபவிக்கிறார்கள் என்பதை அறிந்த எவரும் அவர்களைப் பஸ்ஸுக்குத் திரும்பச் சொல்லி உபதேசிக்க மாட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் முடிவும் அந்தக் குடும்பத்தின் அளவில் நியாயமானது. எல்லா முடிவுகளும் ஒன்றுசேர்ந்தபோது, சைக்கிளில் எட்டக்கூடிய வாழ்க்கை சைக்கிளுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. 1990 இல் பெற்றோல் நின்றபோது எங்கள் பாடசாலையும் சந்தையும் கோயிலும் மிதிக்கும் தூரத்தில் இருந்தன.

நாடு முழுவதற்கும் இதே கதைதான், அளவில் வித்தியாசம். கடைசிக் கணக்கெடுப்புகளின்படி இலங்கையில் பதிவான வாகனங்கள் 80 இலட்சத்துக்கு மேல். அவற்றில் பாதிக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள்கள், 11 இலட்சத்துக்கு மேல் முச்சக்கர வண்டிகள். (பதிவேட்டில் உள்ளவை எல்லாம் வீதியில் ஓடுபவையல்ல, இரும்புக் கடைக்குப் போனவையும் அதில் அடங்கும் என்பதை மறக்கக்கூடாது.) மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு மின்சாரத்தில் ஓடும் இலகு ரயில் பாதை ஒன்றை ஜப்பானியக் கடனில் அமைக்க 2019 இல் உடன்பாடு கண்டு, 2020 செப்டெம்பரில் அதை இரத்துச் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் மாலபே வாசிகள் கான்களுடன் வரிசையில் நின்றனர்.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. ஒரு வாரத்துக்குப் பின், பெற்றோல் 338 ரூபாவான அதே நாளில், றம்புக்கணையில் மக்கள் புகையிரதப் பாதையை மறித்தனர். பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். புகையிரதப் பாதையில் அமைந்த ஊர் றம்புக்கணை. அங்கே தண்டவாளத்தில் இறங்கி மக்கள் பெற்றோல் கேட்டார்கள் என்பதை வரலாற்று மாணவர்கள் குறித்துவைக்கலாம். அந்த மாதங்களில் வரிசைகளிலேயே பலர் இறந்தனர். பெரும்பாலும் முதியவர்கள், ஓட்டோச் சாரதிகள். முச்சக்கர வண்டிக்காரருக்கு வாரத்துக்குக் கிடைத்தது 5 லீற்றர். லீசிங் தவணையோ மாதம் தவறாமல் நின்றது. பஸ்ஸின் ஆகக்குறைந்த கட்டணம் ஆண்டின் தொடக்கத்தில் 17 ரூபா, ஜூலையில் 40 ரூபா. ஏறுவதற்குப் பஸ் இருந்தவர் அந்த 40 ரூபாவைக் கொடுத்துப் போனார். வடக்கின் கடற்றொழிலாளருக்கு அடி தாமதமாக விழுந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. பொருளாதாரத் தடையின்போதுகூடப் பங்கீட்டில் விடப்பட்ட எண்ணெய் அது.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்கள் இது இலங்கையின் நிர்வாகச் சீர்கேடு என்று கடந்துவிடக்கூடும். நிர்வாகச் சீர்கேடு உண்மைதான். ஆனால் அவுஸ்திரேலியாவில், கிறிபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேகோ டொட்சன், நீல் சைப் என்ற இரு ஆய்வாளர்கள் 2000 களின் நடுப்பகுதியில் சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் நகரங்களை ஆராய்ந்து, பெற்றோல் விலையேற்றம் எந்தப் பகுதிகளை அதிகம் தாக்கும் என்று வரைபடம் தயாரித்தார்கள். கார் எத்தனை, வேலைக்குக் காரில் போவோர் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, வீட்டுக் கடன் எவ்வளவு என்பன அவர்களின் அளவுகோல்கள். நகரின் நடுவே ரயிலுக்கு அருகில் வசிக்கும் வசதியுள்ளவர்கள் பாதுகாப்பாக இருந்தனர். மலிவான வீடு தேடி நகரின் வெளிவிளிம்புக்குப் போனவர்கள் வீட்டுக் கடனாலும் பெற்றோலாலும் இரட்டை அடி வாங்கும் நிலையில் இருந்தனர். சிட்னியின் மேற்கில் எங்கள் மக்கள் எத்தனை ஆயிரம் பேர் வாழ்கிறார்கள் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபுரோவிலிருந்து இன்னும் தள்ளி மார்க்கம், ஏஜக்ஸ் என்று வீடு வாங்கி, இரவு வேலைக்குக் காரில் போகும் உறவினர் எனக்கும் உண்டு. அவர்கள் போகும் நேரத்தில் பஸ் கிடைப்பது அருமை. காணி விலைக்கு அஞ்சி ஒழுங்கைக்குள் போன யாழ்ப்பாணத்துக்காரரின் கணக்கும் இவர்களின் கணக்கும் ஒன்றேதான்.

2023 செப்டெம்பர் முதலாம் திகதி கியூஆர் முறை கைவிடப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வாகன விலைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரங்கள் வந்தன.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் 2022 நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வர முடியாமல், பாடசாலைக்கு அருகே வேறு மூன்று ஆசிரியைகளுடன் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். பழைய லுமாலா சைக்கிள் ஒன்றையும் வாங்கினார். திங்கள் போய் வெள்ளி வருவார். மாலையில் நேரம் கிடைத்ததால் பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி வகுப்பு எடுத்ததாகவும், பாடசாலைக்கு வரும் பெற்றோரை முதன்முறையாகப் பெயர் சொல்லி அறிந்ததாகவும் சொன்னார். வீட்டில் சிறு பிள்ளைகள் இரண்டு. அவர்களை மாமியார் பார்த்துக்கொண்டார். கியூஆர் நீங்கிய அடுத்த மாதமே அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். சைக்கிளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பாடசாலைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டாராம்.